உதடு சேரட்டும், பல் சேர வேண்டாம்

நவம்பர். க்ளைபேடா துறைமுகத்தில் மூன்று நாளாய்க் காற்று.
பாரந்தூக்கிகளை நிறுத்திவிட்டார்கள் என்பதால்தான்
வைதோதஸ் என் நாற்காலிக்கு வந்தார்.
இல்லையென்றால் வந்திருக்க மாட்டார்.
இடப்பக்கக் கடைவாய்ப்பல் நெடுக்கில் பிளந்திருந்தது.
எதைக் கடித்தீர்கள் என்றேன்.
"ஒன்றுமில்லை. தயிர்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்."

நான் நம்பினேன்.
தயிரில் பல் உடைகிறவர்களை
இந்த ஊரில் நிறையப் பார்த்துவிட்டேன்.

விளக்கைத் திருப்பினேன்.
நாற்பத்தெட்டு வயது வாயில்
எழுபது வயதுப் பற்கள்.
மேடெல்லாம் தேய்ந்து தட்டையாகி
நடுவில் மஞ்சள் எட்டிப்பார்த்தது.
கன்னத்தின் உட்புறம் ஒரு வெள்ளைக் கோடு,
மேல்வரிசையும் கீழ்வரிசையும் சந்திக்கும் உயரத்தில்.
தாடைத் தசையைத் தொட்டேன்:
கல். அதுவும் தூங்காத கல்.

நாள் முழுக்க மென்றாலும் விழுங்கினாலும்
பல்லும் பல்லும் தொட்டுக்கொள்வது
கால்மணி, மிஞ்சினால் இருபது நிமிடம்.
மற்ற நேரமெல்லாம் அவை விலகியிருக்க வேண்டியவை.
சொன்னால் யாரும் நம்புவதில்லை.
நீங்களும் இப்போது
நாக்கால் தடவிப் பார்த்திருப்பீர்கள்.

தூக்கம்?
"வருகிறது. மூன்று மணிக்குப் போய்விடுகிறது."
ரத்த அழுத்தம்? பட்டையைச் சுற்றினேன்.
நூற்று அறுபத்திரண்டு.
கொஞ்சம் பொறுத்து மறுபடி சுற்றினேன்.
நூற்று அறுபத்தாறு.
வயிறு?
எரிகிறது.
தலைவலி?
"ஞாயிற்றுக்கிழமை மட்டும்."
ஞாயிற்றுக்கிழமை என்ன?
"தம்பி போன் செய்வான்."

வாயில் பஞ்சு இருக்கும்போதுதான்
மனிதர்களுக்குப் பேச வருகிறது.
பஞ்சை எடுத்தேன்.

தம்பி கௌனாஸில் ரொட்டிக்கடை வைக்க
இவர் போட்ட கையெழுத்து.
கடையை மூடி இரண்டு வருடம். கடனை மூடவில்லை.
மனைவி டாலியாவுக்குத் தெரியாது.
நாற்பது மீட்டர் உயரத்தில், கண்ணாடிக் கூண்டில்,
கன்டெய்னரை இறக்கும்போது ஒரு வட்டி,
ஏற்றும்போது ஒரு வட்டி,
பன்னிரண்டு மணி நேரம்.

ஓநாய் வந்தால் தாடை இறுகுவது நியாயம்.
நெஞ்சு அடித்துக்கொள்ளும், வயிறு சுருங்கும்,
ஓநாய் போனதும் எல்லாம் தளரும்.
தவணை போவதில்லை.
ஐந்தாம் தேதி வரும், தின்னும்,
வாசலிலேயே படுத்துக்கொள்ளும்.

பல்லைக் கடித்துக்கொண்டு இரு,
எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள்.
இருபத்திரண்டு வருடமாகப் பார்க்கிறேன்.
சரியாவதில்லை.
பல்தான் போகிறது.

அச்செடுத்தேன்,
இரவில் மாட்ட ஒரு பிளாஸ்டிக் கவசத்துக்கு.
அது பல்லைக் காக்கும்.
பல்லை மட்டும்.
அழுத்தத்துக்கு மருத்துவரிடம் போகக் கடிதம்.
பிறகு மேசையறையிலிருந்து
ஒரு தாள் நிறைய சிவப்புப் பொட்டு ஸ்டிக்கர்.
கூண்டில் ஒன்று, போனில் ஒன்று,
வீட்டில் கண் போகிற இடத்தில் ஒன்று.
பார்க்கும்போதெல்லாம் மூச்சை மெல்ல விடுங்கள்.
உதடு சேரட்டும், பல் சேர வேண்டாம்.
"இதற்கா இவ்வளவு படித்தீர்கள்?" என்று சிரித்தார்.
சிரித்ததும் வலித்தது.

ஜனவரியில் வந்தார்.
சர்க்கரை டப்பாவில் ஏன் சிவப்புப் பொட்டு
என்று கேட்டாளாம் டாலியா.
மூன்று பொய் தயாராக இருந்தது.
மூன்றையும் சொல்லவில்லை.
அவள் கத்தினாள். ஒரு தட்டு உடைந்தது.
நள்ளிரவு தாண்டிக் காகிதம் எடுத்து
இருவரும் கூட்டிப் பார்த்தார்கள்.
ஒரு சென்ட் கூடக் குறையவில்லை.
அன்றும் மூன்று மணிக்கு விழிப்பு வந்தது.
பக்கத்தில் அவளும் விழித்திருந்தாள்.

நூற்று நாற்பத்தெட்டு. இன்னும் அதிகம்தான்.
மாத்திரை போடுகிறார், சில நாள் மறக்கிறார்.
வேலை முடிந்ததும் நேராக வீட்டுக்குப் போகாமல்
படகுத்துறைவரை நடக்கிறார்.
அங்கே என்ன செய்வீர்கள் என்றேன்.
"படகு போகும். பார்ப்பேன்."
ஞாயிற்றுக்கிழமை போனை இப்போது டாலியா எடுக்கிறாள்.
தம்பி சுருக்கமாகப் பேசப் பழகிவிட்டான்.

பிளந்த பல்லைக் காப்பாற்ற முடியவில்லை.
அந்த இடத்தை நாக்கு இன்னும் தேடுகிறதாம்.

மாலை. லீபு தெருச் சந்திப்பில் சிவப்பு விளக்கு.
வண்டியை நிறுத்தினேன்.
மறுபடியும் காற்று.
உதடுகள் சேர்ந்திருந்தன.
மற்றதை நான் சொல்ல மாட்டேன்.